பதினான்காம் கட்டில்

ஜூலை 7, ஞாயிறு

பத்து நாளாக டைரியைத் தொடவில்லை. மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி, பக்கத்துக்குப் பக்கம் தேதி அச்சடித்தது. பாதி வெள்ளையாகவே கிடக்கிறது. ஓய்வு பெற்று இரண்டு வருஷமான ஒரு நர்ஸ், ஈரோட்டில் ஒரு மாடி வீட்டில் ஒண்டியாக இருக்கிறாள். அவளுக்கு எழுதும்படி என்ன நடந்துவிடும்? காலையில் மொட்டை மாடிக்கு ஏறி முப்பத்துநாலு தொட்டிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். இறங்கி வந்து கஞ்சி குடிக்கிறேன். சாயங்காலம் மறுபடி ஏறுகிறேன்.

முப்பத்துநாலும் புளிப்பு ஜாதி. எலுமிச்சை, நாரத்தை, கிடாரங்காய், தோலோடு தின்னும் கும்குவாட், விரல் விரலாகப் பிரிந்து காய்க்கும் புத்தர் கை, வங்காளத்திலிருந்து வந்த வாசனை எலுமிச்சை. "ஒரு ரோஜாச் செடி வெக்கக் கூடாதா அம்சக்கா?" என்று கீழ்வீட்டு ஜுலைகா கேட்டாள். ரோஜாவைத் தின்ன முடியுமா என்றேன். "குல்கந்து கேள்விப்பட்டதே இல்லியா?" என்றாள். அவளிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததே இல்லை.

பாதி மரங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சோ சாத்துக்குடியோ இல்லாமல் வரமாட்டார்கள். தின்றுவிட்டுப் போட்ட விதைகளைப் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, கட்டில் நம்பரை எழுதி வீட்டுக்குக் கொண்டுவருவேன். மரங்களுக்கும் அதே பெயர்தான். 9-ஆம் கட்டில் சாத்துக்குடி, பிரசவ வார்டு எலுமிச்சை என்று. எல்லாவற்றுக்கும் ராணி 14-ஆம் கட்டில். விதை போட்டுப் பத்தொன்பது வருஷமான கமலா ஆரஞ்சு, ஒரு பேரலில் நிற்கிறது. காகிதம் மாதிரித் தோல். உரித்தால் ஏலக்காய் வாசம். வேறு எந்த ஆரஞ்சிலும் நான் அந்த வாசத்தைக் கண்டதில்லை. வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ‘புளிப்புக் கூட்டம்’ என்று ஒரு குழு இருக்கிறது. பத்தொன்பது கிறுக்கர்கள். என்னிடம் குச்சி வாங்கி ஒட்டுக் கட்டி, அதில் ஆறு பேரிடம் 14-ஆம் கட்டில் வளர்கிறது.

என் 14-ஆம் கட்டிலில் இரண்டு கிளைகளின் இலை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது. துத்தநாகச் சத்துக் குறைவு. ஜிங்க் சல்பேட் தெளித்தேன்.

நாலு மணிக்குப் பொன்னுரங்கம் போன் செய்தார். ஏற்காட்டுப் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே நூற்று நாற்பத்துமூன்று ஆரஞ்சு மரம் வைத்திருக்கிறார். குழுவில் பிழைப்புக்காக மரம் வளர்ப்பவர் அவர் ஒருவர்தான். மனைவி இறந்து நாலு வருஷம். மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் நாலு மணிக்குக் கூப்பிடுகிறார். மரங்களைப் பற்றித்தான் பேசுவோம். நேரில் பார்த்ததில்லை.

"போன வருஷம் நீங்க குடுத்த குச்சி ஜம்முனு வந்திருக்குதுங்க சிஸ்டர். இந்த வருஷம் இன்னொரு ஏழு மரத்துல ஏத்தலாம்னு இருக்கறேன். குச்சி கெடைக்குங்களா?"

கிடைக்கும் என்றேன்.

"டிசம்பர்ல நானே ஈரோட்டுக்கு வாரேன். அந்தத் தாய் மரத்த ஒருக்காக் கண்ணால பாத்தரோணும்."

வரட்டுமே. அதற்கென்ன.

ஜூலை 9, செவ்வாய்

குச்சி வெட்டினேன். மஞ்சள் இல்லாத கிளையாகத் தேடி வெட்டக் கொஞ்ச நேரம் ஆனது. பென்சில் கனத்தில் பன்னிரண்டு. இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பாலிதீன் உறையிட்டு, பிவிசி குழாய்க்குள் செருகி கூரியரில் போட்டேன். கத்தியை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். முப்பத்தொரு வருஷச் சர்வீஸ். கை தானாகச் செய்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

ஏழு மரத்திலும் ஏற்றியாகிவிட்டதாம். அரை மணி நேரம் பேசினோம். பக்கத்துத் தோட்டத்தில் காட்டெருமை புகுந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். காலையில் தலைக்குக் குளித்துச் சாம்பல் நிறப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தேன். போனில் புடவை தெரியாதுதான்.

ஜூலை 25

காஸ் சிலிண்டர் வந்தது. ஜிங்க் சல்பேட் இரண்டாம் முறை. மஞ்சள் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாலு மணிக்கு முன்பே பொன்னுரங்கம் ஒரு படம் அனுப்பியிருந்தார். போன வருஷம் கட்டிய ஒட்டின் இலை. நடு நரம்புக்கு ஒரு பக்கம் மஞ்சள் திட்டு, மறுபக்கம் பச்சை.

"இது என்னாங்க சிஸ்டர், எல வெளுக்குது? பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்களே?"

துத்தநாகம் குறைவு, ஜிங்க் சல்பேட் தெளியுங்கள், என் மரத்திலும் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

"அவ்வளவுதானுங்களா? நீங்க சொல்லிட்டீங்கன்னா சரிங்க. டாக்டரு சொல்றதவிட நர்ஸு சொல்றதத்தான் நான் நம்பறது" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 5

மாடிக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜுலைகாவுடன் சண்டை. அவளுடைய கறிவேப்பிலை மரம் சுவரை ஒட்டி வளர்ந்து என் மாடிவரை வந்துவிட்டது. அதன் துளிரில் கடுகளவு பூச்சிகள், வாலைத் தூக்கிக்கொண்டு தலைகீழாக நிற்பதுபோல் உட்கார்ந்திருந்தன. என் எலுமிச்சைத் துளிரிலும் அதே பூச்சி. உன் மரத்தால்தான் என் செடிகள் கெடுகின்றன, வெட்டு என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"கறிவேப்பல நான் வந்தப்பவே இங்க நிக்குதுக்கா. ஏழு வருஷமா வராத சீக்கு இப்ப எப்புடி வரும்?"

எனக்குப் பாடம் நடத்தாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் பாதி மரத்தை வெட்டியிருந்தாள். குழம்புக்கு நான் தினமும் கிள்ளுவது அந்த மரத்தில்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

குழுவில் மார்த்தாண்டம் ஃபெலிக்ஸ் சார் நீளமாக எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுத்தவர். கிரீனிங் என்ற நோயைப் பற்றி. சத்துக் குறைவு என்றால் மஞ்சள் நரம்பின் இரு பக்கமும் ஒன்று போல இருக்கும். கிரீனிங் என்றால் இரு பக்கமும் வேறு வேறாக இருக்கும். பேனாவால் நரம்பின் இரு புறமும் நேருக்கு நேர் வட்டம் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இன்னும் சந்தேகம் இருந்தால் இலையை உப்புத்தாளில் தேய்த்து அயோடின் விட வேண்டும். நோய் கண்ட இலையில் மாவுச்சத்து தேங்கிக் கிடப்பதால் கறுத்துவிடும். ஒட்டுக் குச்சி வழியாகவும் பரவும், வாலைத் தூக்கும் பூச்சி வழியாகவும் பரவும். மருந்து கிடையாது. மரத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

எல்லோரும் நன்றி சொன்னார்கள். நானும் ஒரு கட்டைவிரல் படம் போட்டேன்.

நாலு மணிக்குப் பொன்னுரங்கம் கூப்பிட்டபோது, "அந்தப் பதிவப் படிச்சீங்களா?" என்று கேட்டுவிடுவாரோ என்று இருந்தது. கேட்கவில்லை. மலையில் சிக்னல் கிடைப்பதில்லை, நீளமானதெல்லாம் திறப்பதில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

14-ஆம் கட்டிலின் இலை ஒன்றில் பேனாவால் வட்டம் போட்டேன். இடது வட்டத்துக்குள் மஞ்சள், வலது வட்டத்துக்குள் பச்சை. ஆனால் ஒரே ஒரு இலைதான். ஒரு ரீடிங்கை வைத்துக்கொண்டு வார்டில் யாரும் மருந்து எழுதிவிட மாட்டார்கள். பத்து இலை பார்த்திருக்கலாம். வெயில் ஏறிவிட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பிஞ்சுகள் உதிர்கின்றன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சூம்பி, உள்ளே விதை கறுத்துச் சுருங்கியிருந்தது. உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி, இரண்டு பையில் கட்டிக் கீழே குப்பை வண்டியில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினேன். ஆஸ்பத்திரிப் பழக்கம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மாடியில் போட்டேன். ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து இரண்டு. ஜுலைகா படியில் வழிமறித்து, "யாருக்கா வர்றாங்க?" என்றாள். கறிவேப்பிலைச் சண்டைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. யாரும் இல்லை, பழைய நாற்காலிக்குக் கால் ஆடுகிறது என்றேன். மேலே வந்து பழையதில் உட்கார்ந்து அசைத்துப் பார்த்தாள். அது ஆடவில்லை. இறங்கிப் போனாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

"ஒரு முடிவு பண்ணிப்போட்டேனுங்க சிஸ்டர்" என்றுதான் போனை எடுத்ததும் ஆரம்பித்தார். "என்ற மரத்துல பாதி கெழடாயிருச்சு. கார்த்திக மழ விட்டதும், நீங்க குடுத்த அந்த ஒட்டுலிருந்தே குச்சி எடுத்து நாப்பது மரத்துல ஏத்தரலாம்னு. பொறவு மலையில எல்லாரும் கேப்பாங்க. ‘பதினாலாம் கட்டில்’னே பேரு வெச்சரலாம். நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

நல்ல யோசனை என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சாப்பிடவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

அயோடின் பாட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சமையலறை அலமாரியில் மேல்தட்டு, பஞ்சுக்குப் பக்கத்தில். ஃபெலிக்ஸ் சார் எழுதிய நாளிலிருந்து அந்தக் கதவைத் திறக்கவில்லை. தலைவலி மாத்திரையும் அதற்குள்தான் இருக்கிறது. ஆறு வாரமாக மாத்திரையைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இன்று திறந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, கடையில் வாங்கிய நாரத்தை இலைகளில் நல்லதாக ஒன்று. 14-ஆம் கட்டிலின் இலை ஒன்று. தனித்தனி உப்புத்தாளில் இருபது தேய்ப்பு. தாளைத் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் தண்ணீரில் அலசி, இரண்டிலும் இரண்டு சொட்டு.

கடை இலைத் தண்ணீர் தேன் நிறத்திலேயே இருந்தது. 14-ஆம் கட்டில் ஒரு நிமிஷத்துக்குள் மை மாதிரி கறுத்துவிட்டது.

பிறகு எல்லாத் தொட்டிகளையும் பார்த்தேன். முப்பத்துநாலில் பதினொன்று கறுப்பு.

அக்டோபர் 9, புதன்

வார்டில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், சார்ட்டில் எழுதாதது நடக்காதது என்று. ஊசி போட்டிருந்தாலும், எழுதவில்லை என்றால் போடவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை ஜூனியர்களை அழ வைத்திருக்கிறேன். அதே விதியை எனக்குத் தோதாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எழுதாவிட்டால் நடக்கவில்லை.

மே மாதமே பார்த்துவிட்டேன். அன்றைய பக்கம் இந்த டைரியில் வெள்ளையாக இருக்கிறது. கிரீனிங் எனக்குப் புதிதில்லை. ஃபெலிக்ஸ் சார் எழுதியதெல்லாம் பத்து வருஷத்துக்கு முன்பே படித்தது.

எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆன்லைனில் யாரிடமோ ஒரு விரல் எலுமிச்சைச் செடி வாங்கினேன். உள்ளே முத்து முத்தாக இருக்குமே, அது. குழுவில் யாரிடமும் கிடையாது, எனக்கே முதலில் வேண்டும் என்ற ஆசை. புது அட்மிஷனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் எந்த வார்டிலும் சேர்த்ததில்லை நான். வீட்டில் நேராகக் கொண்டுபோய் ராணிக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு மாதத்தில் அது செத்துப்போனது.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர் போன் நின்றுவிடும். அவ்வளவுதான். வாரத்தில் மற்ற ஆறு நாளும் என்னைக் கேட்டு ஒரு போன் வருவதில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டவர்களில் ஒருத்திகூட அப்புறம் கூப்பிடவில்லை. நான் அதற்கெல்லாம் அழுகிறவள் இல்லை. ஆனால் ஞாயிறு நாலு மணியை இழக்கப் பயமாக இருக்கிறது.

அவருக்கு அந்த மரங்கள்தான் சோறு.

அக்டோபர் 12, சனி

நாளைக்கு.

அக்டோபர் 13, ஞாயிறு

ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைக்கிற மாதிரி, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க சிஸ்டர், மழைங்களா அங்க?"

"அந்த நாப்பது மரத்துல குச்சி ஏத்தாதீங்க. என்ற மரத்துக்குக் கிரீனிங் நோய். போன வருஷம் குடுத்தது, ஜூலைல குடுத்தது எல்லாமே அந்த மரத்துக் குச்சிதான். நீங்க ஒட்டு ஏத்துன எட்டு மரத்தயும் எடுத்தரோணும். மொதல்ல பூச்சிக்கு மருந்தடிங்க. இல்லீன்னா வெட்டும்போது பூச்சி மத்த மரத்துக்குப் பறந்துரும். பொறவு வேரோட எடுத்து எரிச்சுருங்க."

தாளில் இருந்தது அவ்வளவுதான். அவர் பக்கத்தில் ஒரு நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

"எட்டும் காய்ப்புல இருக்கற மரமுங்க."

"தெரியும்."

"அந்த வெளுத்த எலயப் படம் புடிச்சு அனுப்பினேன். சத்துக் கொறைன்னீங்க."

"சொன்னேன்."

"உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். டெஸ்ட் செய்ததும் போன வாரம்தான். பொய்யென்றுகூடச் சொல்ல முடியாது.

"மே மாசம்."

"ஜூலைல குச்சி அனுப்பினீங்க."

"ஆமாங்க."

நாய் குரைப்பதை நிறுத்திவிட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

ஆறு நிமிஷம் பத்து விநாடி என்று காட்டியது போன்.

அக்டோபர் 14, திங்கள்

குழுவிலும் எழுதினேன், மே மாதத்தையும் சேர்த்து. மற்ற ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்தேன். பெங்களூரில் இருக்கும் வங்கி அதிகாரி, "ஆஸ்பத்திரில வேலை பாத்தவங்க இப்படிப் பண்ணலாமா மேடம்?" என்றார். கூடாது என்றேன். தென்காசி அம்மாள் அழுதார். அவர் மரம் இந்த வருஷம்தான் முதல் பூ விட்டது. இரண்டு பேர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். ஃபெலிக்ஸ் சார் மட்டும், "உங்களுடையது முப்பத்துநாலையும் எடுத்துவிடுங்கள். அறிகுறி தெரிய ஒரு வருஷம்கூட ஆகும். பார்க்க நன்றாக இருப்பதை நம்ப வேண்டாம்" என்று எழுதினார்.

பார்க்க நன்றாக இருப்பதை நம்ப வேண்டாம் என்பது எனக்குத் தெரியாததா.

அக்டோபர் 16, புதன்

மருந்தடித்தேன். மாடி முழுக்க நாற்றம்.

அக்டோபர் 19, சனி

இரண்டு நாளாக வெட்டினேன். முதல் நாள் நான் மட்டும். இன்று அரிவாள் சத்தம் கேட்டு ஜுலைகா மேலே வந்தாள். நின்று பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

உன் மரத்தைக் குற்றம் சொன்னேனே, தப்பு என்னுடையது என்று அவளிடம் சொன்னேன்.

"அத அப்பவே மறந்துட்டேன். மிச்சக் கறிவேப்பலயும் வெட்டணுமாக்கா? அதுல மறுபடி பூச்சி வருதே."

வேண்டாம் என்றேன். இனி அந்தப் பூச்சி வந்தாலும் கெடுக்க இங்கே ஒன்றும் இருக்காது.

14-ஆம் கட்டிலைக் கடைசியில் வைத்திருந்தேன். அந்தக் கட்டிலில் அப்போது இருந்தவர் நெஞ்சுவலியோடு வந்த ஒரு லாரி டிரைவர். பதினொரு நாள் படுத்திருந்தார். பார்க்க ஒருவரும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்களுக்கு வந்த ஆரஞ்சில் ஒன்றைக் கொடுத்தார்கள். உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். "தனியாத் தின்னா எறங்க மாட்டேங்குது சிஸ்டர்" என்றார். டூட்டியில் நோயாளியிடம் வாங்கித் தின்னக் கூடாது. வாங்கித் தின்றேன். விதையைப் பையில் போட்டுக்கொண்டேன். குணமாகிப் போய்விட்டார். முகம் ஞாபகம் இல்லை, பெயரும் இல்லை.

வெட்டிய இடத்தில் ஏலக்காய் வாசம் வந்தது. ஜுலைகா முகர்ந்துவிட்டு, "என்னக்கா இது, பாயசம் மாதிரி" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் என் தோளைத் தொடவில்லை. துடைப்பத்தை எடுத்து இலைகளைக் கூட்ட ஆரம்பித்தாள். அதற்காக அவளுக்கு நன்றி.

அக்டோபர் 20, ஞாயிறு

போன் வரவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

வரவில்லை. மாடியில் தண்ணீர் விட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆறு மணிக்கு ஏறிவிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிப் பலகாரத்தை ஜுலைகாவுக்குக் கொடுத்தேன். மூன்று மணிக்கே போனை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். நாலரைக்கு எடுத்துப் பார்த்தேன்.

நவம்பர் 6, புதன்

கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல். உயிரோடுதான் இருக்கிறேன் என்று விரல் ரேகை வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. காலித் தொட்டிகளில் தண்ணீர் நிற்கிறது. கொசு வரும் என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஜுலைகா இந்த வாரம் பாதி மாடியில் துணி காயப்போடக் கொடி கட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறது, ஏதோ அசைகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

பஸ் பார்சலில் ஒரு அட்டைப் பெட்டி வந்தது. அனுப்பியவர் பொன்னுரங்கம். ஜுலைகாவின் வீட்டுக்காரர்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்கிவந்தார்.

உள்ளே சின்னச் சின்ன பாலிதீன் கவர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆரஞ்சு இலை. கவர்மேல் நம்பர். மொத்தம் நூற்று முப்பத்தைந்து. மேலாக ஒரு நோட்டுத்தாளில் அவர் கையெழுத்து. இதுவரை நான் பார்க்காத கையெழுத்து. பெரிது பெரிதாக, வலப்பக்கம் சாய்ந்து.

"எட்டு மரமும் எடுத்தாச்சு. மிச்ச மரத்து இலை இதில் இருக்கிறது. எனக்கு அயோடின் வைத்துப் பார்க்கத் தெரியாது. மலையில் யாரிடம் கொடுத்தாலும் அவர்கள் தோட்டத்திலும் ஆரஞ்சு இருக்கிறது, நோய் இலையைத் தொட பயப்படுகிறார்கள். உங்கள் வீட்டில் இப்போது அந்த ஜாதி ஒன்றும் இல்லை என்று குழுவில் எழுதியிருந்தீர்கள். அதனால் அனுப்புகிறேன்."

‘சிஸ்டர்’ என்று எங்கும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றும் இல்லை.

கவர்களை வரிசைப்படுத்தி ஃபிரிட்ஜில் அடுக்கினேன். பால் வைக்க இடமில்லை.

நவம்பர் 28, வியாழன்

ஒரு நாளைக்கு முப்பது கவர்தான் ஒழுங்காகப் பார்க்க முடிகிறது. மாடியில் ஒரு நாற்காலியில் நான், எதிரே புது நாற்காலியில் தம்ளர்கள். ஒவ்வொரு இலைக்கும் புது உப்புத்தாள், ஒவ்வொரு தம்ளருக்கும் நம்பர். முடிவை உடனுக்குடன் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். பழைய சார்ட் மாதிரியே.

ஐம்பத்திரண்டாம் நம்பர் கறுத்தது. மறுபடி ஒரு இலை எடுத்துச் செய்தேன். கறுத்தது.

மணி காலை பதினொன்று. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. தம்ளரைக் கீழே வைத்த கையோடு போன் செய்தேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"அம்பத்திரண்டு கறுத்திருச்சுங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தடவ."

"அது மொத ஒட்டு ஏத்துன மரத்துக்கு அடுத்த மரந்தான்." யாரையோ கடப்பாரை எடுத்துவரச் சொன்னார். "சரிங்க. இன்னிக்கே எடுத்தர்றேன். மத்ததையும் பாத்துச் சொல்லுங்க."

நாற்பத்தெட்டு விநாடி.

டிசம்பர் 1, ஞாயிறு

எல்லாம் முடிந்தது. நூற்று முப்பத்தைந்தில் மூன்று. 52, 53, 71. கடைசி இரண்டையும் கண்டபோதும் கண்டவுடனே சொல்லிவிட்டேன். மிச்சம் நூற்று முப்பத்திரண்டு இப்போதைக்குச் சுத்தம். இப்போதைக்குத்தான் என்பதையும் சொன்னேன். "மூணு மாசங்கழிச்சு மறுபடி அனுப்பறேன்" என்றார். டிசம்பரில் வருவதாக இருந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

தென்காசி அம்மாள் இருபது கவர் அனுப்பியிருக்கிறார். ஃபெலிக்ஸ் சார் தன் மாணவர்களின் தோட்டங்களில் எடுத்தது என்று ஒரு பெட்டி. நோய் இலை எங்கே வந்தாலும் ஆபத்து, இந்த வீட்டுக்கு வந்தால் இல்லை. தொற்ற இங்கே ஒன்றும் மிச்சமில்லையே. அயோடின் தீர்ந்துபோய் இரண்டு பாட்டில் வாங்கினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

வந்ததையெல்லாம் பார்த்து முடித்தேன். நாலு மணிக்கு மாடியில் இருந்தேன். போன் நாற்காலியில் தம்ளர்களுக்கு நடுவே கிடந்தது. அடிக்கவில்லை. நாலரைக்கு எழுந்து தம்ளர்களைக் கழுவினேன்.

பிறகு டைரியை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒரு பக்கம் பாக்கி இருந்தது.

மே 19, ஞாயிறு
(எழுதியது டிசம்பர் 15)

காலை ஏழு மணி. 14-ஆம் கட்டில், தெற்குக் கிளை. மூன்று இலைகளில் மஞ்சள் திட்டு. நரம்பின் இரு பக்கமும் ஒன்று போல இல்லை. என்ன நோய் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

மாலை நாலு மணிக்குப் பொன்னுரங்கம் கூப்பிட்டார். "மரம் எப்புடி இருக்குதுங்க சிஸ்டர்?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

கையொப்பம்: கு. அம்சவேணி, ஸ்டாஃப் நர்ஸ்.